பாலிங் பேச்சுவார்த்தை: இரண்டு நாள் பேசியும் சண்டை ஏன் நிற்கவில்லை?

சுங்கைப்பட்டாணியிலிருந்து கோலகெட்டில், கூப்பாங் வழியாகக் கிழக்கே போனால், தாய்லாந்து எல்லையை நெருங்கும் இடத்தில் பாலிங் வரும். ஊரை ஒட்டியே செங்குத்தாக ஒரு சுண்ணாம்புக்கல் மலை நிற்கும். அந்த ஊரில் துங்கு புத்ராவின் பெயரில் ஒரு தேசியப் பள்ளி இருக்கிறது. அன்று அது ஆங்கிலப் பள்ளி.

1955 டிசம்பர் 28, 29 ஆகிய இரண்டு நாள், அந்தப் பள்ளியில் இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. ஒரு பக்கம் ஏழு வருடத்துக்கும் மேலாகக் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங். அப்போது அவருக்கு வயது 31. அவரைப் பிடித்துக் கொடுத்தால் 250,000 வெள்ளி சன்மானம் என்று அறிவித்திருந்தார்கள். இன்னொரு பக்கம், ஐந்து மாதத்துக்கு முன் தேர்தலில் வென்று மலாயாவின் முதலமைச்சரான துங்கு அப்துல் ரஹ்மான்.

பேச்சு தோற்றது. சண்டை இன்னும் பல வருடம் நீடித்தது.

பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் இதை இரண்டு பத்தியில் படித்திருப்பீர்கள். ஆனால் 'ஏன் தோற்றது?' என்ற கேள்வி, உலகம் முழுக்க உள்நாட்டுப் போர்களை ஆராய்பவர்கள் இன்றும் கேட்கும் கேள்விதான். கெடாவின் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

(பாலிங் என்றதும் சிலருக்கு 1974ல் ரப்பர் விலை சரிந்தபோது நடந்த விவசாயிகள் போராட்டமோ 1985 மெமாலி சம்பவமோ ஞாபகம் வரலாம். அவை வேறு கதைகள்.)

தோட்டத்துக்குள் சண்டை எப்படி வந்தது?

ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். போனவர்களில் பெரும் பகுதி திரும்பவில்லை. போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது, தோட்டத்தில் மிஞ்சியிருந்தவர்கள் பழைய ஆட்களாக இல்லை. 'துரை சொன்னால் சரி' என்ற காலம் போய்விட்டது.

கெடாவில் இது ஒரு தனி வடிவம் எடுத்தது. பீடோங் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் 'தொண்டர் படை' உருவானது. இளைஞர்கள் வரிசையாக நின்று அணிவகுப்புப் பயிற்சி செய்தார்கள். அதில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் சாயல் இருந்தது. முதல் எதிரி யார் தெரியுமா? கள்ளுக்கடை. சம்பளம் வாங்கிய கையோடு அது கள்ளுக்கடைக்குப் போய்விடுகிறது, வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதுதான் அவர்கள் பேச்சு. கடை முன்னால் மறியல் செய்தார்கள். அங்கே தொடங்கியது கூலி, மரியாதை, வேலை நேரம் என்று விரிந்தது.

1947ன் முதல் மாதங்களில் பீடோங் வட்டாரத்தில் தொழிலாளர்களுக்கும் போலீசுக்கும் அடுத்தடுத்து மோதல்கள் நடந்தன. பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் ஒரு மோதல். மார்ச் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் கூட்டமாகக் கைது. ஏப்ரல் 28ஆம் தேதி டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார்.

இதைக் கலகம் என்பதா, தொழிலாளர் தகராறு என்பதா? அன்றைய தோட்ட முதலாளிகள் முதல் சொல்லைப் பயன்படுத்தினார்கள். பின்னால் இதை ஆராய்ந்த மைக்கல் ஸ்டென்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள், தொழிற்சங்க வழியை அடைத்ததற்கும் பின்னால் வெடித்த ஆயுதக் கலகத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார்கள். கம்யூனிஸ்ட் கட்சி எப்படியும் ஆயுதம் எடுத்திருக்கும் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் வரிசை தெளிவு: கெடாவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது அவசரகாலம் வருவதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே.

1948 ஜூன் 16ஆம் தேதி பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சில நாளில் நாடு முழுக்க அவசரகாலம். அதற்குச் சற்று முன்புதான், சட்டத்தைத் திருத்தி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவை அரசாங்கம் ரத்து செய்திருந்தது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் இன்னொரு சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

'போர்' என்று சொல்லாமல் 'அவசரகாலம்' என்று ஏன் பெயர்? போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நட்ட ஈடு தராது என்பதால்தான் என்று பரவலாகச் சொல்வார்கள்.

பகலில் ஒருவர், இரவில் ஒருவர்

1950ல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, கம்பிவேலி போட்ட 'புதுக்கிராமங்களுக்கு' மாற்றினார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றி வேலி போட்டார்கள். ஐசி இல்லாமல் நடமாட முடியாது. இன்று நம் பர்சில் இருக்கும் அந்த அட்டை அவசரகாலத்தில் கட்டாயமாக்கப்பட்டதுதான்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு விடியற்காலைதான் நேரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆனால் ஊரடங்கு முடிந்து கேட் திறந்தால்தான் வெளியே கால் வைக்கலாம். கேட்டில் உடல் சோதனை. மதியச் சோறு கட்டிக்கொண்டு போகவும் தடை, அந்தச் சோறு காட்டுக்குள் போய்விடுமாம். கடையில் விற்கும் டின் உணவைக்கூட ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள், ஒளித்து வைத்தால் கெட்டுப்போகட்டும் என்று.

மறுபக்கமும் சும்மா இல்லை. காட்டிலிருந்து வந்தவர்கள் அரிசி கேட்டார்கள், சந்தா கேட்டார்கள். ஐசியைப் பிடுங்கிக் கிழித்தார்கள். ரப்பர் மரங்களை வெட்டிப் பாழாக்கினார்கள். 'காட்டிக் கொடுத்தவன்' என்று சந்தேகப்பட்டவர்களைக் கொன்றார்கள். கொடுக்காவிட்டால் ஒரு ஆபத்து, கொடுத்தது தெரிந்தால் இன்னோர் ஆபத்து. விசாரணையில்லாத தடுப்புக்காவல் இருந்தது. பல ஆயிரம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் சீனாவுக்கு, ஒரு பகுதியினர் இந்தியாவுக்கு.

கிரேக்க நாட்டு உள்நாட்டுப் போரைக் கிராமம் கிராமமாக ஆராய்ந்த ஸ்தாதிஸ் கலிவாஸ் என்ற அரசியல் அறிஞர், 2006ல் வெளியிட்ட நூலில் சொல்வது இதுதான்: சாதாரண மக்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைக் கொள்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. இன்று இரவு யாருடைய ஆள் என் வீட்டுக் கதவைத் தட்ட முடியும் என்பதும் தீர்மானிக்கிறது. கெடா தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியிடம் 'நீங்க யார் பக்கம்?' என்று கேட்டால் பதில் வராமல் போவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

சரி, மேசையில் என்ன பேசினார்கள்?

1955 ஜூலைத் தேர்தலில் அம்னோ, மசீச, மஇகா சேர்ந்த கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. துங்கு அலோர் ஸ்டாரில் பிறந்தவர், ஒரு காலத்தில் கூலிமில் மாவட்ட அதிகாரி, அந்தத் தேர்தலில் நின்றதும் கெடாவின் சுங்கை மூடா தொகுதியில். செப்டம்பரில் பொதுமன்னிப்பை அறிவித்தார். ஆயுதத்தைப் போட்டுவிட்டு வந்தால் வழக்கு இல்லை என்றார். வந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் காட்டிலிருந்து கடிதம் வந்தது: பேசலாம்.

கிளியான் இந்தான் பக்கம் காட்டோரத்தில் சின் பெங்கை எதிர்கொண்டு அழைத்து வந்தவர் ஜான் டேவிஸ் என்ற ஆங்கிலேயர். இருவரும் பழைய கூட்டாளிகள்! ஜப்பானியரை எதிர்த்து பேராக் காட்டில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அந்தப் பணிக்காக பிரிட்டன் சின் பெங்குக்குப் பதக்கமும் அறிவித்து, பிறகு அதைப் பறித்துக்கொண்டது.

அரசாங்கத் தரப்பில் துங்கு, மசீச தலைவர் டான் செங் லோக், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். எதிர்ப்பக்கம் சின் பெங், சென் தியன், ரஷிட் மைதீன். பிரிட்டிஷ் பிரதிநிதி யாரும் பேச்சு மேசையில் இல்லை. தமிழரும் யாரும் இல்லை. மஇகா கூட்டணியில் இருந்தது, அதன் தலைவர் வீ.தி. சம்பந்தன் அமைச்சராகவும் இருந்தார். ஆனாலும் பாலிங்கில் அவருக்கு நாற்காலி இல்லை. கம்யூனிஸ்ட் தரப்பிலும் அப்படியே. இரண்டு பக்கத்திலும் சாவுக்கும் சோதனைக்கும் ஆளான ஒரு சமூகத்துக்கு, சண்டையை நிறுத்தும் பேச்சில் இரண்டு பக்கத்திலும் குரல் இல்லை.

துங்குவின் நிலை இது: சரணடைய வேண்டும். சரணடைந்தவர்களிடம் விசாரணை நடக்கும். கம்யூனிசத்தை விட்டுவிட்டேன் என்பவர் வீட்டுக்குப் போகலாம், மற்றவர் தடுப்புக்காவலுக்கு அல்லது சீனாவுக்கு. கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது.

சின் பெங்கின் நிலை: கட்சியைச் சட்டபூர்வமாக ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், ஆயுதத்தைப் போடுகிறவர்களை விசாரிக்காமல், அடைக்காமல் விடுங்கள். 'சரண்' என்ற சொல்லை ஏற்க மாட்டோம், அதற்குக் கடைசிவரை சண்டை போடுவோம்.

முழுப் பேச்சும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நின்றது. ஒரு இடத்தில் மட்டும் கதவு கொஞ்சம் திறந்தது. உள்நாட்டுப் பாதுகாப்பும் இராணுவமும் தேர்ந்தெடுக்கப்பட்ட மலாயா அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டால், சண்டையை நிறுத்தி ஆயுதங்களைக் கீழே போடத் தயார் என்றார் சின் பெங். துங்கு அந்தச் சொல்லை லண்டனுக்கு எடுத்துப் போனார். 1956 பிப்ரவரி 8ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளிலேயே, சுதந்திரத்துக்கான உடன்பாடு கையெழுத்தானது. உள்நாட்டுப் பாதுகாப்பும் மலாயாவின் கைக்கு வந்தது. ஆனால் அதே நாளோடு பொதுமன்னிப்பு முடிந்தது. காட்டிலிருந்தவர்கள் இறங்கி வரவில்லை. துங்கு மறுபடி பேசவும் இல்லை. துங்குவுக்குப் பாலிங் தோல்வி இல்லை, லாபம் என்றுகூட வாதிடலாம்.

ஆய்வாளர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

பார்பரா வால்டர் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1997ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1940 முதல் 1990 வரையிலான போர்களை எடுத்துப் பார்த்தால், நாட்டுக்கும் நாட்டுக்கும் நடந்த போர்களில் 55 விழுக்காடு பேச்சு மேசையில் முடிந்திருக்கின்றன. உள்நாட்டுப் போர்களிலோ 20 விழுக்காடு மட்டும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? வெறுப்பு அதிகம் என்பதாலா? கோரிக்கைகள் பெரியவை என்பதாலா? வால்டர் சொல்லும் பதில் வேறு. இரண்டு நாடுகள் சண்டையை நிறுத்தினால், அவரவர் இராணுவத்தோடு அவரவர் எல்லைக்குள் போய்விடலாம். உள்நாட்டுப் போரில் அப்படி இல்லை. ஒரு தரப்பு ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு, நேற்றைய எதிரியின் போலீசும் நீதிமன்றமும் இருக்கும் ஊரில் வாழ வேண்டும். ஆயுதத்தைக் கொடுத்த மறுநாள், கொடுத்த வாக்கை மற்றவன் மீறினால் யாரிடம் போய்ச் சொல்வது? வாக்கு நல்லதா கெட்டதா என்பது பிரச்சினையே இல்லை. அது காப்பாற்றப்படும் என்று நம்ப ஒரு வழி வேண்டும். அதனால் வெளியிலிருந்து ஒரு மூன்றாம் தரப்பு உத்தரவாதம் தர வேண்டும் என்கிறார் அவர்.

இதை வைத்துப் பாலிங்கைப் பாருங்கள். 'விசாரணை நடக்கும், ஆனால் பயப்படாதீர்கள்' என்று சொன்ன அரசாங்கத்தின் கையில் அப்போது போலீசும் இல்லை, இராணுவமும் இல்லை. இரண்டும் பிரிட்டன் கையில். அதாவது உத்தரவாதம் தருகிறவருக்கே அதைக் காப்பாற்றும் அதிகாரம் இல்லை. மறுபக்கம், கம்யூனிஸ்டுகள் கட்சியாகப் பதிந்துகொண்டு உள்ளே வந்து மறுபடி ஆயுதம் எடுக்க மாட்டார்கள் என்று துங்கு நம்பவும் யாரும் காரணம் தரவில்லை.

ஒரு சின்ன வாக்கு மட்டும் காப்பாற்றப்பட்டது. பேச்சு முடிந்ததும் உங்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம் என்ற வாக்கு. 250,000 வெள்ளித் தலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், டேவிஸ் அவரைக் காட்டோரம்வரை கொண்டுபோய் விட்டார். இரண்டு பக்கமும் நம்பிய ஒரு ஆள் நடுவில் இருந்தார், அதனால் அது நடந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1989ல் என்ன மாறியது?

அவசரகாலம் 1960 ஜூலை 31ல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதிகாரபூர்வக் கணக்கில் 6,700க்கும் மேற்பட்ட போராளிகளும் சுமார் 2,500 பொதுமக்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். பாதுகாப்புப் படையினரில் இறந்தவர்கள் 1,800க்கும் மேல். மிஞ்சிய போராளிகள் தாய்லாந்து எல்லையைத் தாண்டிப் போனார்கள். 1968 ஜூனில் குரோ - பெத்தோங் சாலையில் பாதுகாப்புப் படை மீது தாக்குதல் நடத்தி மறுபடி தொடங்கினார்கள்.

கடைசியில் 1989 டிசம்பர் 2ஆம் தேதி, தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் ஒரு ஹோட்டலில் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்த முறை 'சரண்' என்ற சொல் அதில் இல்லை. 34 வருடத்துக்கு முன் பாலிங்கில் தடுக்கி விழுந்த அதே சொல்.

சொல் மட்டும் மாறவில்லை. 1974ல் மலேசியாவும் சீனாவும் தூதரக உறவு வைத்துக்கொண்டன. கட்சிக்குச் சீனாவிலிருந்து கிடைத்த ஆதரவு தேய்ந்தது, அங்கிருந்து ஒலிபரப்பான அவர்களுடைய வானொலியும் 1981ல் நின்றது. தாய்லாந்து இராணுவம் நடுவில் நின்று இரு தரப்பையும் சேர்த்தது. ஊர் திரும்ப விரும்பாதவர்களுக்குத் தாய்லாந்து நிலம் கொடுத்தது. பெத்தோங் பக்கம் அந்த 'அமைதிக் கிராமங்களுக்கு' இன்று நம் ஆட்கள் சுற்றுலா போகிறார்கள். ஆயுதம் போட்டவர்கள் 1,100க்கும் மேல்.

எல்லா வாக்கும் காப்பாற்றப்பட்டதா? இல்லை என்பதற்கும் அதே உடன்படிக்கையில் உதாரணம் இருக்கிறது. நாடு திரும்ப சின் பெங் தொடுத்த வழக்கில், பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொன்னது நீதிமன்றம். அவரால் காட்ட முடியவில்லை. 2013 செப்டம்பர் 16ல், மலேசிய தினத்தன்று, பேங்காக்கில் இறந்தார். கலகத்தில் உறவினர்களை இழந்த குடும்பங்கள் அவர் திரும்புவதை எதிர்த்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்போ, மூன்றாம் தரப்பு வந்தால் சரியாகிவிடுமா?

அமைதிப்படை இருக்கும் இடங்களில் சண்டை மறுபடி தொடங்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று வர்ஜீனியா பேஜ் ஃபோர்ட்னா என்ற ஆய்வாளர் 2008ல் காட்டினார். ஆனால் தமிழ் வாசகர்களுக்கு எதிர் உதாரணம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1987 ஜூலையில் இலங்கைக்கு உத்தரவாதம் தர வந்த இந்திய அமைதிப்படை, அக்டோபரில் புலிகளோடு நேரடிப் போரில் இறங்கியது. யாழ்ப்பாணத்து மக்களும் செத்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் செத்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பிப் போனது. உத்தரவாதம் தர வருகிறவர் ஒரு தரப்பாக மாறிவிட்டால், முன்பிருந்ததைவிட மோசம்.

மலேசியா இந்தப் பாடத்தின் இரண்டு பக்கத்தையும் பார்த்த நாடு. அவசரகாலம் முடிந்த அதே 1960ல் காங்கோவுக்கு ஐநா அமைதிப்படையாக மலாயா வீரர்கள் போனார்கள். லெபனானிலும் மலேசியப் படைப்பிரிவு பணியாற்றியிருக்கிறது. பிலிப்பீன்ஸின் மிண்டனாவோ சண்டையில் 2001 முதல் மலேசியா நடுவராக இருந்து, 2004ல் இருந்து போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவை வழிநடத்தி, 2014 மார்ச்சில் உடன்படிக்கைவரை கொண்டுவந்தது. பாலிங்கில் இல்லாத அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்தது இப்போது மலேசியா.

கணக்கில் வராத சாவு

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. உலகப் போர்களைக் கணக்கெடுக்கும் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத்தளம், ஒரு வருடத்தில் மோதலில் குறைந்தது 25 பேர் இறந்தால்தான் அதை அரசாங்கம் சம்பந்தப்பட்ட ஆயுத மோதல் என்று பதிவு செய்யும். 1,000 பேர் என்றால் போர். எங்காவது கோடு போட்டாக வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கோட்டின்படி, 1947 ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் இறந்த தொழிலாளி எந்த மோதலிலும் இறக்கவில்லை.

பாலிங் பேச்சில் யார் என்ன சொன்னார் என்ற பதிவு லண்டனில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, யாரும் போய்ப் படிக்கலாம். கம்பிவேலிக் கேட்டில் சோற்றுச் சட்டியைத் திறந்து காட்டிய பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு அப்படி ஒரு கோப்பு இல்லை. அப்போது பத்து வயதுப் பிள்ளையாக அந்த வரிசையில் நின்றவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் தாமான் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். 'யார் பக்கம்?' என்று தொடங்காமல், 'கேட் எத்தனை மணிக்குத் திறப்பாங்க பாட்டி?' என்று கேட்டுப் பாருங்கள்.